சர்வீஸுக்குப் போன கிரைண்டர்

ஒரு பொருள் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று மனைவியிடம் பொய் சொல்ல முடிவெடுத்தவன், எந்தக் கடையில் கொடுத்தான், கடைக்காரர் பெயர் என்ன, ரசீது எங்கே என்ற மூன்று கேள்விக்கும் முதலிலேயே பதில் தயார் செய்துகொள்ள வேண்டும். நான் செய்துகொள்ளவில்லை. அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. புத்தி அதில் பாதி வயதுக்குத்தான் இருந்திருக்கும்.

நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற வழியில் பருத்திப்பட்டில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம், நானும் விஜயாவும். கல்யாணமாகி இரண்டாவது வருடம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் மோட்டார் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. மற்றவர்கள் செய்த மோட்டாரில் என்ன தப்பு என்று கண்டுபிடித்து, சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். (நானே செய்ததில் தப்புக் கண்டுபிடிக்க அந்த கம்பெனி எனக்குச் சொல்லித்தரவில்லை.)

எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஹாம் ரேடியோ. அரசாங்கத் தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டில் வானொலிப் பெட்டி வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கிற முன்பின் தெரியாத ஒருவரிடம் "என் குரல் கேட்கிறதா?" என்று கேட்கிற பொழுதுபோக்கு இது. கேட்கிறது என்று அவர் சொன்னால் இரண்டு பேருக்கும் சந்தோஷம். பிறகு தபாலில் ஒரு அட்டை அனுப்புவார்கள், "இன்ன தேதியில் இன்ன நேரத்தில் உங்கள் குரலைக் கேட்டோம்" என்று. அந்த அட்டையைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைப்பார்கள். இதில் என்ன இருக்கிறது என்று விஜயா கேட்டபோது என்னால் விளக்க முடியவில்லை. இன்றைக்கும் சரியாக விளக்க முடியாது.

தேர்வில் பாஸாகி, லைசென்ஸ் வந்து, எனக்கென்று ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு அழைப்புக்குறியும் கிடைத்து ஒரு வருடம் ஓடிவிட்டது. குறி இருந்தது, பெட்டி இல்லை. புதுப் பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு, எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு டீ குடித்துத் திரும்பி வந்தேன். என் குறியை மட்டும் குளிக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். கீழ் வீட்டுக்காரர் ஒருமுறை "இன்னா மந்திரம்பா அது?" என்று விசாரித்தார்.

அப்போதுதான் சலீம் பாயின் கடைக்குப் போனேன். பூந்தமல்லியில் பழைய எலெக்ட்ரானிக் சாமான் கடை. ஏலத்தில் எடுத்த மானிட்டர், ஃபேக்ஸ் மெஷின், உடைந்த எடைபோடும் கருவி என்று கூரை வரை அடுக்கியிருப்பார். மீட்டர் ஒன்று தேடிப் போன என் கண்ணில், ஒரு ஜெராக்ஸ் மெஷினுக்குக் கீழே அது பட்டது. ஜப்பான் பெட்டி. அனுப்பவும் வாங்கவும் இரண்டுக்கும் ஆன அசல் ஹாம் டிரான்ஸீவர்.

நிலைமையைச் சொல்கிறேன். மேல்மூடி ஒரு மூலையில் நசுங்கியிருந்தது. அலைவரிசை திருப்புகிற பெரிய திருகைக் காணோம். கண்ணாடியில் விரிசல். மீட்டரின் முள் கழன்று அடியில் கிடந்தது. எந்த முறையில் பேசுவது என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் ஒரே இடத்தில் இறுகிப்போய் அசையவில்லை. ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ கடகடவென்றது. பிரித்துப் பார்த்ததில் குளவிக்கூடு. நான் அதைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தேன் என்று சலீம் பாய் இன்றும் சொல்வார். வியாபாரியின் முன்னால் அப்படிப் பார்க்கக் கூடாது.

"காசு வேணாம் நைனா" என்றார் பாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க ஊட்ல மாவு யாவாரம் பண்றாங்கோ. பழைய கிரைண்டர் மோட்டாரு பொகஞ்சி போச்சி. உங்க ஊட்ல கிரைண்டர் எதுனா சும்மா கீதா?"

சும்மாதான் இருந்தது. அங்கேதான் வினை. என் மாமனார் எங்களுக்குக் கொடுத்த கோயம்புத்தூர் கிரைண்டர், ஒரு வருடமாக அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பரணில் இருந்தது. இரண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு பெரிய கல் என்று விஜயா மிக்ஸியிலேயே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த கிரைண்டரைத் திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் கொண்டுவந்து, ஆவடி ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவள் அப்பா. மூட்டு வலிக்காரர். வந்து இறக்கிவிட்டு, மூச்சு வாங்க, "கல்லு நல்ல கல்லும்மா" என்று மட்டும் சொன்னார். எவர்சில்வர் டிரம்மின் விளிம்பில் விஜயாவின் பெயரையும் கல்யாணத் தேதியையும் வெட்டிக் கொடுத்திருந்தார்.

அவள் தன் அத்தை வீட்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, அதை இறக்கி பைக்கில் கட்டி பூந்தமல்லிக்குக் கொண்டுபோனேன்.

பெட்டியைப் பிரித்த பாய் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "பேரு வெட்டிகீதேப்பா. தங்கச்சிக்குத் தெரியுமா?"

"அவளே குடுக்கச் சொன்னா பாய்."

இதுதான் முதல் பொய். விஜயா திரும்பி வந்து பரணைப் பார்த்து, "ஏங்க, கிரைண்டர் எங்க?" என்றபோது சொன்னது இரண்டாவது. "சும்மாவே கிடந்தா மோட்டார் வீணாப் போயிடும். சர்வீஸுக்குக் குடுத்திருக்கேன்."

அவள் நம்பினாள். மோட்டார் கம்பெனியில் வேலை பார்ப்பவன் சொன்னால் யாரும் நம்புவார்கள். நம்பியதோடு நிற்காமல், "பரவாயில்லையே, வீட்டுப் பொருள் மேல அக்கறை வந்துருச்சே" என்று அன்றைக்கு எனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாள். அந்தக் குழம்பு தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

மன்னிப்புக் கேட்க என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. பெட்டியைச் சரி செய்வது. ஒரு நல்ல நாளில் விஜயாவை அதன் முன்னால் உட்கார வைப்பது. எங்கோ ஒரு ஊரிலிருந்து யாரோ ஒருவர், "வணக்கம் விஜயா, உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது" என்று சொல்வார். அவள் முகம் மலரும். மலர்ந்த அந்த நொடியில் கிரைண்டர் விஷயத்தைச் சொல்லிவிடுவது. ஆகவே பெட்டி ஓடாமல் நான் உண்மையைச் சொல்ல முடியாது. இந்தத் திட்டத்தை நான் ஒரு நோட்டில் எழுதி வேறு வைத்திருந்தேன்.

பெட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்து, விஜயா இல்லாத நேரமாகப் பார்த்து மூன்று மாதம் போராடினேன். குளவிக்கூட்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். சாலிடரிங் வைத்து விரலைச் சுட்டுக்கொண்டு, "கம்பெனியில மோட்டார் சூடு" என்று சொன்னேன். காணாமல் போன திருகுக்குப் பதில் ஒரு குக்கர் மூடியின் குமிழ் கச்சிதமாகப் பொருந்தியது. (அது எந்த குக்கர் என்பதை விஜயா அடுத்த வாரம் கண்டுபிடித்தாள்.) கடைசிக் கட்டத்தில் சக்தி கொடுக்கிற டிரான்சிஸ்டர்கள் இரண்டும் கருகியிருந்தன. மாற்றினேன். மறுபடி கருகின. மறுபடி மாற்றினேன்.

இறுகிப்போன சுவிட்சை மட்டும் அசைக்க முடியவில்லை. அது ஏஎம் என்கிற பழைய முறையில் நின்றிருந்தது, அந்தக் காலத்து மீடியம் வேவ் வானொலி மாதிரி. ஹாம்கள் அதை இப்போது அதிகம் உபயோகிப்பதில்லை. அதற்கு ஒரு துர்க்குணம் உண்டு. பக்கத்தில் நீளமான ஒயரோடு எந்த ஆம்ப்ளிஃபயர் இருந்தாலும் அதற்குள் புகுந்து, சொல் சொல்லாகத் தெளிவாகப் பேசிவிடும். இது தேர்வில் கேள்வியாக வந்தது. நான் சரியாக விடை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

இதற்கிடையில் குற்ற உணர்ச்சி தாங்காமல், வாரா வாரம் சலீம் பாய் வீட்டு மாவை வாங்கி வந்து கொடுத்தேன். விஜயா இட்லி வார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டாள். "என்னா மெதுவா இருக்கு! நம்ம கிரைண்டர்ல அரைச்சாக்கூட இப்படி வராதுங்க."

வந்ததே, என்று சொல்ல நாக்கு துடித்தது. இன்னொரு இட்லி கேட்டேன்.

ஆடி மாதம் பிறந்தது. தெரு முனை அம்மன் கோயிலில் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுகிறார்கள் என்று அன்றைக்குக் காலையிலேயே திருத்தணியிலிருந்து மாமியார் வந்துவிட்டார். வந்தவர் காபி குடித்துவிட்டு அண்ணாந்து பரணைப் பார்த்தார்.

"கிரைண்டர் எங்க மாப்ள?"

"சர்வீஸ்ல இருக்குங்க அத்தை. இன்னிக்கு சாயங்காலம் வந்துரும்."

ஏன் சாயங்காலம் என்று சொன்னேன்? தெரியாது. வாயில் வந்தது. ஆக, அதற்குள் பெட்டியை ஓட வைத்து உண்மையைச் சொல்லிவிட எனக்குப் பகல் பொழுது மட்டும்தான் இருந்தது. அம்மாவும் பெண்ணும் தூக்குவாளி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனதும் பாய்க்கு போன் போட்டேன். பத்தாவது நிமிடம் வந்துவிட்டார். ஜன்னலைச் சாத்திவிட்டு (தெருவில் ஒரே பாட்டுச் சத்தம்) இருவரும் பெட்டி முன்னால் உட்கார்ந்தோம்.

இங்கே இரண்டு சமாசாரம் சொல்ல வேண்டும். ஒன்று பல்பு. பெட்டியை ஆன்டெனாவில் மாட்டிச் சோதனை செய்தால் அலைவரிசையில் இருப்பவர்களுக்கெல்லாம் தொந்தரவு. அதனால் ஹாம்கள் ஆன்டெனாவுக்குப் பதில் ஒரு குண்டு பல்பை மாட்டிக்கொண்டு பேசிப் பார்ப்பார்கள். பேசினால் சக்தி வெளியே போகாமல் பல்பு எரியும். எரிந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பல்புக்கும் ஆன்டெனாவுக்கும் மாற்றி மாற்றி விட ஒரு சிறிய சுவிட்ச் பெட்டியை நானே செய்திருந்தேன். அதன் இரண்டு பக்கமும் 'பல்பு', 'ஆன்டெனா' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தேன். எழுதும்போது பெட்டியை முதுகு காட்டித் திருப்பி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன் என்பது பிற்பாடு தெரிந்தது. இடம் வலமாகிவிட்டது.

இன்னொன்று ஆன்டெனா. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பின்வீட்டுத் தென்னை மரம் வரை இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி. வீட்டுக்காரரிடம் துணி காயப்போட என்று சொல்லியிருந்தேன். கோயிலுக்கு மைக் செட் கட்டிய மூர்த்தி, வழியில் இப்படி ஒரு உறுதியான கம்பி இருப்பதைப் பார்த்து மகிழ்ந்து, தன் ஸ்பீக்கர் ஒயரை அதன் மேலேயே கடைசி வரை சுற்றிக் கட்டியிருந்தான்.

நான் சுவிட்சை 'பல்பு' என்று எழுதிய பக்கம் திருப்பினேன். இரண்டு கைக்கும் வேலை இருந்ததால் மைக்கின் பொத்தானை அழுத்தி அதன் மேல் ரப்பர் பேண்ட் சுற்றினேன். என் அழைப்புக்குறியைக் கணீரென்று நான்கு முறை சொன்னேன். ஹலோ, டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.

பல்பு எரியவில்லை.

"இன்னா நைனா, இத்தோட கத முடிஞ்சிதா?" என்றார் பாய்.

"முடிஞ்சா நானும் முடிஞ்சேன் பாய். மாமியார் வந்து உக்காந்திருக்காங்க. கிரைண்டர் எங்கன்றாங்க. சாயங்காலம் வந்துரும்னு சொல்லிட்டேன்."

"எப்டி வரும்? அது எங்க ஊட்ல தெனிக்கும் அரிசி அரைச்சிகினு கீது. கேட்டா என் சம்சாரம் என்னியத் தூக்கி உள்ள போட்டு அரைச்சிரும். இரு, நீ தங்கச்சிக்கு இன்னா சொல்லிக்கீற?"

"சர்வீஸ்ல இருக்குன்னு."

"மூணு மாசமாவா? ஆவடி டாங்கி ஃபேக்டரில பீரங்கி வண்டியே அதுக்குள்ள சர்வீஸ் ஆயி வந்துரும்பா!"

நான் சிரித்தேன். இக்கட்டான நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரும். "இதுல கொடுமை என்ன தெரியுமா பாய்? அவ கிரைண்டர்ல அரைச்ச மாவையே வாங்கித் தின்னுட்டு, நம்ம கிரைண்டர்ல அரைச்சாக்கூட இப்படி வராதுன்றா!"

பாயும் சிரித்தார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிப்பு ஓயத் தொடங்கியபோது, வெளியே பாட்டு நின்றுபோயிருப்பதைக் கவனித்தேன். பாட்டுக்குப் பதில் ஸ்பீக்கரில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கோயில் ஸ்பீக்கர்ல இவனுங்க ரோதனை தாங்கல" என்றேன் எரிச்சலாக.

ஒரு கணம் கழித்து, தெரு முனையிலிருந்து, "ரோதனை தாங்கல" என்று கேட்டது.

பாய் தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டினார். "அங்க எவனோ உன்ன மாதிரியே பேசறாம்பா."

"அங்க எவனோ..." என்று பாயின் குரலும் ஊருக்குள் சுற்றிவிட்டு வந்தது.

மைக்கைப் பார்த்தேன். ரப்பர் பேண்டைப் பார்த்தேன். எரியாத பல்பைப் பார்த்தேன். தேர்வில் நான் எழுதிய விடை, என் கையெழுத்திலேயே, வரி வரியாக ஞாபகத்துக்கு வந்தது. புத்தியுள்ளவன் அந்த நேரத்தில் பெட்டியை நிறுத்தியிருப்பான். நான் மைக்கை நோக்கிக் குனிந்து, "ஐயோ" என்றேன். அதையும் ஊர் கேட்டது.

கோயிலில் நடந்ததைப் பிறகு பல பேர் பல விதமாகச் சொன்னார்கள். பூசாரி கற்பூரம் காட்டுவதற்காகப் பாட்டை நிறுத்திய நேரம். திடீரென்று நான்கு குழாய் ஸ்பீக்கரிலும் இங்கிலீஷில் ஏதோ எழுத்துகளும் எண்ணும் வந்திருக்கின்றன. யாருடைய காரையோ நகர்த்தச் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு கிரைண்டர் வந்திருக்கிறது. மூர்த்தி மைக்கை அணைத்தான், பேச்சு நிற்கவில்லை. மைக்கையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான், அப்போதும் நிற்கவில்லை. ஆம்ப்ளிஃபயரை நிறுத்தப் போனவனைக் கூட்டம் விடவில்லையாம். "இருப்பா, அந்த கிரைண்டர் கத முடியட்டும்" என்று ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டாராம். சலீம் பாய் பீரங்கி வண்டி என்றபோது கைதட்டல்கூட விழுந்ததாகக் கேள்வி.

விஜயா கூழ் வரிசையில் நடுவில் நின்றிருந்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் முகம் மாறியதைப் பார்த்து, முன்னால் நின்ற பெண்களெல்லாம் ஒதுங்கி வழி விட்டார்களாம். "நீ மொதல்ல வாங்கிகினு போம்மா. உனக்கு ஊட்ல வேல கீது."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் விஜயா, கையில் கூழ் நிறைந்த தூக்குவாளியோடு. பின்னால் மாமியார். அவர்களுக்குப் பின்னால், கையில் கட்டிங் பிளேயரோடு மைக் செட் மூர்த்தி.

"யோவ், மொதல்ல இத்த நிறுத்துய்யா!" என்று பாய்ந்து வந்த மூர்த்தி, கைக்கு எட்டிய முதல் திருகைத் திருப்பினான். அது நான் செய்த சுவிட்ச். இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போனது. தெருவில் ஸ்பீக்கர் அடங்கியது. அறையில், மேஜை மேல், குண்டு பல்பு மங்கலாகப் பற்றிக்கொண்டது.

விஜயா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். ரப்பர் பேண்ட் சுற்றிய மைக் அவளுக்கு நேரே கிடந்தது.

"அது எங்கப்பா மடியில வெச்சுத் தூக்கிட்டு வந்தது" என்றாள்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். மூணு மாசம் என்னைப் பைத்தியக்காரியாக்கி, என் மாவை எனக்கே வாங்கிக் குடுத்து, உக்காந்து சிரிச்சுட்டு இருக்கீங்க!"

ஒவ்வொரு சொல்லுக்கும் பல்பு ஏறி ஏறி இறங்கியது. குரல் உயர்ந்தால் வெளிச்சம் உயர்ந்தது, குரல் உடைந்தால் வெளிச்சமும் நடுங்கியது. மூன்று மாதமாக நான் பார்க்கத் தவம் கிடந்த காட்சி. என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லவே கூசுகிறது. பல்பைக் காட்டி, பல்லைக் காட்டி, கத்தினேன்.

"விஜி! ஓடுது! செட்டு ஓடுது பாரு!"

சலீம் பாய் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். மூர்த்திகூட, "இன்னாய்யா ஆளு நீ?" என்று கேட்டுவிட்டுக் கீழே போனான். மாமியார் பையை எடுத்துத் துணிகளை வைக்க ஆரம்பித்தார். ஆடிக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போவது முதல் வருடத்தோடு முடிகிற வழக்கம். எனக்கு மட்டும் இரண்டாவது வருடமும் நடந்தது. அடுத்த திருத்தணி ரயிலில் இருவரும் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் சலீம் பாய் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார், மடியில் கிரைண்டரோடு. முகம் வாடியிருந்தது. வீட்டில் நல்ல பூசை கிடைத்திருக்கிறது. பாயின் சம்சாரம் மும்தாஜ் அக்காவுக்கு முழு விஷயமும் அன்றுதான் தெரிந்ததாம்.

"ஒரு பொம்பள சாமான அவளுக்குத் தெரியாம வாங்கியாந்தியா, இதுல அரைச்ச மாவ நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு விக்கறதுன்னு கேட்டுச்சி. காலீல இருந்து என்கூட பேசல நைனா" என்றார் பாய்.

கிரைண்டரைக் கழுவித் துடைத்து, டிரம்மில் வெட்டியிருந்த பெயருக்கு மேல் ஒரு சின்னக் கீறல்கூட இல்லாமல் அனுப்பியிருந்தார் அக்கா. அன்று சாயங்காலமே நான் பூந்தமல்லிக்குப் போய், அவர்களுடைய புகைந்துபோன பழைய மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே செம்புக் கம்பிச் சுருள் கருகியிருந்தது. எங்கள் கம்பெனியில் தினமும் பார்க்கிற சமாசாரம். சுற்றி மாட்ட ஒரு சாயங்காலம் ஆனது. முதல் நாளே பாயிடம், "அந்த மோட்டாரைக் காட்டுங்க" என்று கேட்டிருந்தால் போதும், பெட்டி சும்மாவே கிடைத்திருக்கும். மோட்டாரில் தப்புக் கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது தோன்றவில்லை.

இப்போது வீட்டில் கிரைண்டர் இருந்தது, ஓடுகிற டிரான்ஸீவர் இருந்தது, விஜயா இல்லை. போன் செய்தால் மாமியார் எடுத்து, "அவ தூங்கறா மாப்ள" என்பார், பகல் பதினோரு மணிக்கு. பெட்டியைப் போட்டு மைக்கைக் கையில் எடுப்பேன். எங்கெங்கோ யார் யாரோ பேசிக்கொள்வது கேட்கும். பொத்தானை அழுத்தத் தோன்றாது. உள்ளபடி சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்கு அந்தப் பெட்டி பிடிக்கவேயில்லை. அவள் குரலில் ஏறி இறங்கிய பல்பு மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

இரண்டு வாரம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. கோயம்புத்தூரிலிருந்து. அனுப்பியவர் ஒரு ஹாம். நான் முதலில் நான்கு முறை சொன்ன அழைப்புக்குறியைக் குறித்துக்கொண்டு, விலாசத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார். தேதி, நேரம், அலைவரிசை எல்லாம் முறைப்படி எழுதி, 'குரல் மிகத் தெளிவு' என்று போட்டிருந்தார். குறிப்பு எழுதும் இடத்தில் நீல மையில் இப்படி இருந்தது:

'உங்கள் பேச்சு முழுவதும் கேட்டேனுங்க. குறுக்கே புகுந்து சொல்ல முயன்றேன், நீங்கள் மைக்கை விடவே இல்லை. எங்கள் ஊர்க் கல்லை அப்படிக் கைமாற்றியது தப்புங்க. வீட்டில் அம்மிணியிடம் உடனே உண்மையைச் சொல்லிவிடவும்.'

என் வாழ்க்கையின் முதல் அட்டை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருத்தணி ரயிலில் ஏறினேன். திட்டம் எதுவும் இல்லை. நோட்டில் எழுதவும் இல்லை.

வாசலில் மாமனார் காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன். "தப்புப் பண்ணிட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு, வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் அட்டையை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு மறுபடி படித்தார்.

"கோயம்புத்தூர் வரைக்குமா கேட்டுச்சு?"

"ஆமாங்க மாமா."

"ஆவடியில இருந்து?"

"ஆமாங்க."

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு தைலக் கையோடு தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "கேட்டியாடி, நம்ம கிரைண்டர் பேரு கோயம்புத்தூருக்கே போயிடுச்சு!" உள்ளே மாமியார் சிரிப்பது கேட்டது. விஜயா வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சாப்ட்டீங்களா?" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் பொய் சொன்னதில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பொய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. மார்க் ஷீட் எங்கே என்று கேட்டால் என் மகள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "சர்வீஸ்ல இருக்குப்பா" என்பாள். மாமியார் என்னிடம் எதை விசாரித்தாலும், நான் பதில் சொன்னதும், "சர்வீஸ் இல்லியே மாப்ள?" என்று ஒருமுறை உறுதி செய்துகொள்வார். சலீம் பாய் கடையில் இன்றைக்கும் ஜோடியாகப் போனால்தான் எனக்குச் சாமான் கிடைக்கும். அக்காவின் உத்தரவு.

அந்தப் பெட்டி இன்னும் ஓடுகிறது, குக்கர் குமிழோடு. இறுகிய சுவிட்சை விஜயாதான் அசைத்தாள், ஒரு நாள், இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு. அதற்குப் பிறகு அவளுக்கே அதில் ஒரு பிடிப்பு வந்து, தேர்வு எழுதி, என்னைவிட அதிக மதிப்பெண்ணில் லைசென்ஸ் வாங்கினாள். சுவரில் அவள் அட்டைகள் நாற்பதுக்கு மேல் தொங்குகின்றன. என்னுடையது ஒன்றுதான், நடுவில், கண்ணாடி போட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோயம்புத்தூர்க்காரர் பெட்டியில் வருவார். எடுத்ததும் முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

"அம்மிணி, கிரைண்டர் எப்படி இருக்குதுங்க?"

விஜயா பொத்தானை அழுத்துவதற்கு முன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் இட்லித் தட்டோடு நின்றுகொண்டிருப்பேன்.

"கிரைண்டர் நல்லா இருக்குங்க" என்பாள். "இவருதான் இன்னும் சர்வீஸ்ல இருக்காரு."